முதலாளியின் பங்கு எங்கே?

நாகலாபுரம் கடைத்தெருவில் இப்போது ஒரு புதுச் சரக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. நோய்க் காப்பீடு என்று அதற்குப் பெயர். பேருந்து நிறுத்தத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். கைபேசியில் கூப்பிட்டு, உங்கள் குடும்ப நலனுக்காகப் பேசுகிறோம் என்கிறார்கள். சம்பள நாளில் வேலைத்தலத்து வாசலுக்கே ஏஜெண்டு வந்து நிற்கிறார். "ஆஸ்பத்திரிச் செலவு ஆளை விழுங்கும் காலம் இது, பாலிசி இல்லாதவர் கதி என்ன?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமான கேள்விதான். ஒரு மாரடைப்போ, ஒரு சாலை விபத்தோ, ஒரு சிறுநீரகக் கோளாறோ போதும். பத்து வருடம் வெளியூரில் பாடுபட்டுச் சேர்த்த நகையும் நிலமும் பத்தே நாளில் கை மாறிவிடும். வட்டி கட்டுவதற்காகப் பிள்ளையின் படிப்பு நிற்கும். இதை எந்த ஏஜெண்டும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆனால் தோழர்களே, ஏஜெண்டு கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் நோயில் விழுந்தால் அந்தச் செலவில் யார் யாருக்குப் பங்கு உண்டு? நம் உழைப்பில் லாபம் எடுத்தவருக்குப் பங்கு இல்லையா? தீப்பெட்டிக்குக்கூட நம்மிடம் வரி வாங்கிய அரசுக்குப் பங்கு இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாலிசி வாங்க ஓடுகிறவர், பிறர் கட்ட வேண்டிய கடனைத் தாம் கட்டுகிறார். பாலிசியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முதலில் முதலாளியின் பங்கைக் கேள், அடுத்து அரசின் பங்கைக் கேள், மிச்சத்துக்கு மட்டும் உன் கைக்காசைக் கொடு என்கிறோம்.

'அதற்குப் பதில் இது'

நம் சங்கத்துக்குச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் அதிகமாகி வருகிறார்கள். ஒரு சீட்டில் 'இன்சூரன்ஸ் 300' என்று பிடித்தம் இருந்தது. சீட்டுக்குரியவர் காண்டிராக்டரிடம் சுமை ஏற்றும் வேலை செய்பவர். தமக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று ஒரு வருடமாக நம்பியிருந்தார். மஞ்சள் காமாலையில் படுத்தபோதுதான் அது விபத்துக்கு மட்டுமான பாலிசி என்று தெரிந்தது. இ.எஸ்.ஐ. எண் எங்கே என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: "அதற்குப் பதில்தானய்யா இது!"

அதற்குப் பதில் இது! இந்த மூன்று சொல்லில்தான் முழு மோசடியும் அடங்கியிருக்கிறது. இ.எஸ்.ஐ. கட்ட வேண்டிய முதலாளி, தம் இஷ்டத்துக்கு ஒரு தனியார் பாலிசியை எடுத்துவிட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு. காண்டிராக்டருக்கும் மேஸ்திரிக்கும் கிடையாது.

தொழிலாளியின் நோய்ச் செலவில் முதலாளியும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது நேற்று முளைத்த கோரிக்கையும் அல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியிலேயே, 1883-இல், இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே அப்போது தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி மூன்றில் ஒரு பங்கும் கட்டினார்கள். நம் நாட்டில் பேராசிரியர் அடார்கர் 1944-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி தொழிலாளி தம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் நம் பங்கு 113 ரூபாய். முதலாளியின் பங்கு 488 ரூபாய். அந்தத் தோழரிடம் பிடித்ததோ 300. கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அவர் கொடுத்தார். கொடுக்க வேண்டிய 488-ஐ முதலாளி பையிலேயே வைத்துக்கொண்டார். வருடத்துக்கு அது 5,856 ரூபாய். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது என்றும், காண்டிராக்ட் ஆளுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்றும் சட்டம் சொல்கிறது.

113 ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பது என்ன? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நம்மை நம்பி வாழும் பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவம். சிகிச்சைச் செலவுக்கு இத்தனை லட்சம் என்ற வரம்பு இல்லை. முன்பே சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டு யாரையும் ஒதுக்குவதில்லை. பெரிய சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் பங்கு கட்டியிருக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாமல் படுத்தால், உரிய நாட்கள் பங்கு கட்டியவருக்கு வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தொழிலாளிக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையில் அடிபட்டால் கூலியில் 90 சதவீதம். தனியார் மருத்துவ பாலிசி ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். படுத்திருந்த நாட்களின் கூலியைத் தருவது இ.எஸ்.ஐ.தான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதக் கூலி 21,000-க்குள் (இது 2017 ஜனவரியில் வைத்த வரம்பு) என்றால் இ.எஸ்.ஐ. நம் உரிமை. ஸ்ரீசிட்டிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் விடிகாலையில் வேன் ஏறிப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அந்தப் பத்து இலக்க எண் இருக்கிறது? ஆள் ஓரிடத்திலும் குடும்பம் வேறிடத்திலும் இருந்தாலும், குடும்பத்துக்கு அருகிலுள்ள மருந்தகத்தைப் பதிவு செய்துகொள்ள வழியுண்டு. வெளியூர் வேலைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், மருந்து இல்லை என்கிறான்" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. குறை இருப்பது உண்மை. ஆனால் அது நம் காசில் நடக்கும் ஆஸ்பத்திரி. குறையைச் சொல்லி ஓடிப்போவதா, கூட்டமாகப் போய்ச் சரி செய்யச் சொல்வதா? ரேஷன் கடையில் எடை குறைந்தால் ரேஷனே வேண்டாம் என்றா சொல்கிறோம்?

ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தருக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் திட்டம் உண்டு. அவர் ஏறி இறங்கும் அதே நடைமேடையைக் கூட்டுகிற காண்டிராக்ட் அம்மாவுக்கு என்ன உண்டு? அந்த அம்மாவிடமும் ஏஜெண்டு போய், "பாலிசி எடுங்கம்மா" என்கிறார். முதலில் அவருக்கு இ.எஸ்.ஐ. எண் வாங்கிக் கொடுப்பதுதான் நியாயம்.

கடல் தாண்டிப் போன பிள்ளைகள் விஷயத்திலும் இதுவே சரி. துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியருக்கான மருத்துவக் காப்பீட்டை முதலாளி தம் செலவில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் குறைந்த அளவு, 2023 ஜூலை 1 முதல் 60,000 சிங்கப்பூர் வெள்ளி. அந்த நாட்டு முதலாளிகள் நல்லவர்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் எந்த முதலாளியும் கொடுப்பார் என்கிறோம். ஏஜெண்டு காசில் 'இன்சூரன்ஸ்' என்று தனியாகப் பிடித்திருந்தால், எந்த இன்சூரன்ஸ், ரசீது எங்கே என்று கேட்டு எழுதுங்கள்.

எல்லையில் நிற்கும் அட்டை

இ.எஸ்.ஐ.க்குள் வராத தோழர்கள் நம்மில் ஏராளம். சூளையில் பருவ வேலை, வீட்டில் தறி, ஆட்டோ, கட்டட வேலை, காய்கறிக் கூடை. இவர்களுக்கு இரண்டாவது பங்காளி அரசு.

நம் ஊர் எல்லை ஊர். சுருட்டப்பள்ளியைத் தாண்டினால் ஊத்துக்கோட்டை, அது தமிழ்நாடு. 2022 ஏப்ரல் 4 வரை நாகலாபுரம் சித்தூர் மாவட்டம். அதன் பிறகு திருப்பதி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் நோயாளி போகும் வழி மாறவில்லை. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. அதற்கு மேல் என்றால் திருப்பதியில் ரூயா, சுவிம்ஸ். இல்லையென்றால் திருவள்ளூர், சென்னைப் பெரியாஸ்பத்திரி. நோய் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. அட்டை பார்க்கிறது.

ஆந்திரத்தில் 2007-இல் ராஜசேகர ரெட்டி காலத்தில் ஆரோக்யஸ்ரீ தொடங்கியது. ஆட்சிக்கு ஆட்சி பெயரை மாற்றுகிறார்கள். 2024 முதல் என்.டி.ஆர். வைத்திய சேவை. குடும்பத்துக்கு 5 லட்சமாக இருந்த வரம்பு 2023 டிசம்பரில் 25 லட்சமாக அறிவிக்கப்பட்டது. 2019 நவம்பர் முதல் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளிலும் சில பெரிய சிகிச்சைகளுக்கு இது செல்லும் என்றார்கள். தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். வருமான வரம்பு வருடம் 1,20,000. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பர் 23 அன்று வந்தது. அதில் பெயர் உள்ள குடும்பத்துக்கு வேறு மாநிலத்திலும் செல்லும் என்பது விதி. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதானவர்களுக்கு வருமானம் பாராமல் அதில் இடம் உண்டு.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. நம் குடும்பங்களின் நிலை என்ன? அட்டை ஊரில், ஆள் வேலைத்தலத்தில். ரேஷன் கார்டில் மருமகளின் பெயர் ஏறவில்லை. கிழவியின் பெயர் ஒரு மாநிலத்தில், மகனின் பெயர் இன்னொரு மாநிலத்தில். வலி வந்த இரவில் இதையெல்லாம் சரி செய்ய முடியுமா?

தமிழ்நாட்டுத் திட்டத்தில் நம்மில் பலர் அறியாத ஒரு விதி இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கி வேலை செய்பவர், தொழிலாளர் துறை போன்ற உரிய அதிகாரியின் சான்று கொடுத்தால் சேரலாம். நாகலாபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்க் கொத்து வேலை செய்யும் தோழருக்கு இது பொருந்தும். ஆந்திரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே ரேஷன் கார்டில் குடும்பம் முழுவதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாம் நலமாக இருக்கும் நாளில்தான் இந்த வேலையை முடிக்க வேண்டும்.

ஆனால் அட்டையை மட்டும் நம்பிக் கைகட்டி உட்காரவும் கூடாது. 2025 அக்டோபரில், அரசு கொடுக்க வேண்டிய பாக்கி வரவில்லை என்று ஆந்திரத்தின் தனியார் மருத்துவமனைகள் இந்தச் சேவையை நிறுத்தி வைத்ததை மறந்துவிட்டோமா? அரசு பாக்கி வைத்தது. மருத்துவமனை கதவை மூடியது. நடுவில் நின்றவன் ஏழை நோயாளி. அரசாங்கப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகும் வழியாகவே காப்பீட்டுத் திட்டங்கள் முடிந்துவிட்டால், அரசு ஆஸ்பத்திரி இளைத்துக்கொண்டே போகும். பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று 1946-இலேயே போர் குழு சொன்னது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

பாலிசி வாங்குவதானால்

இரண்டு பங்கையும் கேட்டு வாங்கிய பிறகும் சிலருக்கு மிச்சம் இருக்கும். சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ. விட்டுப்போனவர், வருமானச் சான்று கிடைக்காத சிறு கடைக்காரர், நல்ல நாளில் கொஞ்சம் சேர்த்து வைத்தவர். இவர்கள் பாலிசி வாங்குவதில் தவறில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது.

முதலாவது, உண்மையை எழுதுங்கள். "சர்க்கரை இருக்கிறதென்று எழுதாதீங்க, பிரீமியம் கூடிடும்" என்று சொல்லும் ஏஜெண்டு நமக்கு நண்பர் அல்ல. கமிஷன் அவருக்கு இன்று. நிராகரிப்புக் கடிதம் நமக்கு நாளை. படிவத்தில் இருப்பது நம் கையெழுத்து. உண்மையை எழுதினால் பழைய நோய்க்குக் காத்திருக்கும் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024 முதல் விதி. தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு, மோசடியை நிரூபித்தாலொழிய, நீ அன்று சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது.

இரண்டாவது, அறை வாடகை வரியைத் தேடிப் படியுங்கள். 3 லட்ச ரூபாய் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம் என்றிருந்தால் நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வெட்டு அறை வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் பாதியாகும். அங்கே ஒரு லட்சம் பில் வந்தால் ஐம்பதாயிரம் உங்கள் தலையில். பாலிசி இருந்தும் தாலியை அடகு வைத்தவர்கள் இப்படித்தான் உண்டானார்கள்.

மூன்றாவது, பலவிதப் பெயர்களில் மயங்காதீர்கள். 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நிபந்தனையோடு விற்க வேண்டிய ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசி இருக்கிறது. அரசுக் கம்பெனியானாலும் தனியார் கம்பெனியானாலும் சரக்கு ஒன்றுதான். ஆகவே விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். அதிலும் பில்லில் 5 சதவீதம் நம் பங்கு உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். பெற்றோரைப் பிள்ளைகளோடு ஒரே பாலிசியில் சேர்த்தால் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் ஏறும். தனியாகக் கணக்குக் கேட்டுப் பாருங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

நான்காவது, பணத்தை ஏஜெண்டு கையில் கொடுக்காதீர்கள். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் கம்பெனியின் பொறுப்பு தொடங்குவதில்லை என்பது 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்திலேயே இருக்கிறது. வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ கம்பெனி பெயருக்கே கட்டி ரசீது வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பிருந்த 18 சதவீதத்தை இன்னும் யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாவது, தவணையை விடாதீர்கள். நாலு வருடம் கட்டி ஐந்தாம் வருடம் விட்டால், காத்திருந்த காலம் எல்லாம் வீணாகும். வருடக் கட்டணத்துக்கு 30 நாள், மாதக் கட்டணத்துக்கு 15 நாள் சலுகை உண்டு. அதற்கு மேல் இல்லை. நம் கூலி சீராக வருவதில்லை. ஆகவே போனஸ் வரும் மாதத்திலோ அறுவடைக் காசு வரும் மாதத்திலோ பாலிசி தொடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தொகையை அஞ்சலகக் கணக்கில் தனியாகப் போட்டு வாருங்கள். வீட்டுக் கணக்கைப் பார்க்கும் தாய்மார்கள் கையில் பாலிசித் தாளும் ரசீதும் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் ஆணின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பாலிசி குடும்பத்துக்கு உதவாது.

மறுத்தால் பயப்பட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்கு ஹைதராபாத், தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குச் சென்னை. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

"அவனவன் பாலிசி அவனவன் வாங்கினால் போதும், சங்கம் எதற்கு?" என்று படித்த பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். தனியாக வாங்கும் பாலிசிக்கு வயது ஏற ஏற விலை ஏறும். அறுபது தாண்டியவருக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முன் அனுமதி வேண்டும் என்று 2025 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது. அதற்குள் ஏற்றத் தடையில்லை. நம் கூலி வருடம் 10 சதவீதம் ஏறுகிறதா? உடம்பு தளரும் வயதில்தான் பாலிசி எட்டாத உயரத்துக்குப் போகிறது. தனியாள் அந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது.

ஆகவே ஒவ்வொரு வேலைத்தலத்திலும் இ.எஸ்.ஐ. எண் இல்லாதவர்களின் பட்டியலை எடுப்போம். காண்டிராக்டர் கைகாட்டினால் முதன்மை முதலாளியின் கதவைத் தட்டுவோம். எல்லையின் இரண்டு பக்கத்து அரசுகளும் ஒருவர் அட்டையை மற்றவர் மதிக்கும்படி எல்லை வட்டங்களுக்கு உடன்பாடு செய்யக் கோருவோம். நாகலாபுரம் அரசு ஆஸ்பத்திரியில் இரவிலும் டாக்டர் இருக்கக் கோருவோம்.

தாய்மார்களே, தோழர்களே! இந்த மாதச் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். பிடித்தம் என்ற வரியைப் படியுங்கள். அதில் உங்கள் 113 இருக்கிறதா, உங்கள் பெயரில் முதலாளியின் 488 போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரின் பெயரையும் சீட்டையும் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவராகக் கேட்டால் வேலை போகும் என்று பயமுறுத்துவார்கள். நூறு சீட்டைச் சேர்த்துக் கேட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.